ஒரே மூச்சில் கல்முனை

எங்கள் பக்கத்து வளவில் இருந்த மனிதரை ஊரில் எல்லோரும் கொண்டக்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் எழுதினால் செய்தி எப்படியும் அவர் காதுக்குப் போய்விடும். பிறகு தொலைபேசியில் அரை மணித்தியாலம் நான் ஏச்சு வாங்க வேண்டும். இந்த வயதிலும் அரை மணித்தியாலம் ஏசுவதற்கு அவரிடம் மூச்சு இருக்கிறது. அந்த மூச்சைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதர். பஸ் புறப்படுகிற நேரம் கொண்டக்டர்மார் போகிற ஊர்களைக் கூவுவார்கள். மற்றவர்கள் நாலைந்து பெரிய ஊர்களைச் சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார்கள். இவர் மிதிபலகையில் ஒரு காலை வைத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார். “கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேத்தாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை!”

நடுவில் மூச்சு எடுக்கமாட்டார். அவசரமாக ஒப்பிப்பதும் கிடையாது. ஒவ்வொரு ஊரையும் கடைசியில் இழுத்துத்தான் விடுவார். பஸ் நிலையத்தின் அந்தக் கோடியில் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்கும் தன் ஊர் கேட்க வேண்டுமாம். கல்முனை என்று முடிக்கும்போது முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருக்கும். உடனே பஸ்ஸின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டு விழாமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார்.

இருபது ஊரையும் ஏன் சொல்ல வேண்டும், பஸ்ஸின் நெற்றியில்தான் எழுதியிருக்கிறதே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“சின்ன ஊர்க்காரன் பஸ்ஸுக்குக் காசு குடுக்கிறல்லையா தம்பி? அவன்ட ஊர்ப் பெயரையும் ஒரு ஆள் சத்தமாச் சொல்லணும்” என்றார்.

அதனால் கடுகதி பஸ்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. நாங்கள் குருக்கள்மடத்தில் தரித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது எக்ஸ்பிரஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடும். இவர் மிதிபலகையில் நின்று, “ஆக்கள விட்டுட்டு ஓடுறதும் ஒரு ஓட்டமா?” என்று அதன் முதுகைப் பார்த்துக் கேட்பார். காத்தான்குடியில் வேறொன்று தாண்டியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். களுவாஞ்சிகுடியில் இன்னொன்று தாண்டினால் மறுபடியும் கேட்பார்.

இருபது ஊரில் ஒரு ஊருக்கு மட்டும் சலுகை உண்டு. மாங்காடு என்று சொல்லும்போது மற்ற எல்லாவற்றையும் விட நீளமாக இழுப்பார். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், மாங்காட்டுக்காரி. கல்யாணத்துக்கு முந்தி, களுவாஞ்சிகுடியில் தையல் படிப்பதற்கு அந்தத் தரிப்பிடத்தில்தான் ஏறுவார். நேரத்துக்கு வந்ததே இல்லையாம். ஒழுங்கைக்குள் இருந்து பின்னல் அரைவாசியில் ஓடிவருவாராம். “ஆள் வருது, நில்லு” என்று இவர் சாரதியை மறிப்பாராம். பஸ்ஸில் இருந்தவர்கள் முதல் மாதம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாதம் அவர்களே சாரதிக்கு “நில்லு, ஆள் வருது” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானது சண்டையில். அப்போது பஸ்ஸுக்குள் புகை பிடிப்பது ஒன்றும் பெரிய குற்றமாக இருக்கவில்லை. நான் மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் இளம் எழுதுவினைஞன். வேலை முடிந்து வரும்போது யன்னலோரம் இருந்து ஒரு சிகரெட் பற்றவைப்பது எனக்குப் பெரிய சுகம். ஒரு நாள் கிரான்குளத்தில் இவர் பஸ்ஸை நிறுத்தினார். ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. நேரே என்னிடம் வந்தார். ‘டேய் தம்பி’ என்பது அவர் வாயில் ‘டாம்பி’ ஆகிவிடும்.

“டாம்பி, ஒண்டில் அத எறி. இல்லாட்டி இறங்கிக் குடி. இஞ்ச நாப்பது பேர்ட மூச்சு இரிக்கு.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இறங்கினேன். அடுத்த ஊர் எங்கள் ஊர்தான், நடந்தே போய்விடலாம் என்று வீறாப்பாக நின்று இழுத்தேன். பஸ் போகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நாற்பது பேரும் யன்னலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடியில் மீன் பை வைத்திருந்த ஒரு அம்மா, “சுறுக்காக் குடிச்சி முடி மனே, மீன் பழுதாப் போகுது” என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு கசந்த சிகரெட் ஒன்றை நான் குடித்ததில்லை. பாதியில் எறிந்துவிட்டு ஏறினேன்.

“என்னை விட்டுட்டுப் போயிருக்கலாமே” என்றேன் கோபமாக.

“ஆள விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டுத் தட்டினார்.

ஆக, இந்த மனிதருக்கு இரண்டு விடயத்தில்தான் பிடிவாதம். ஒரு தரிப்பிடத்தையும் விடக் கூடாது. மூச்சைப் பழுதாக்கக் கூடாது. றோட்டு வேலை நடந்த புழுதிக் காலத்தில் மற்றவர்கள் இருமிக்கொண்டே பயணம் செய்ய, இவர் லேஞ்சியை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதிபலகையில் நிற்பார். ஊர் சிரித்தது. கள்ளன் கொண்டக்டர் என்று பெயரும் வைத்தது. அவர் கவலைப்படவில்லை. பல வருடம் கழித்துக் கொரோனா வந்து, ஊர் முழுக்க மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடந்தபோது, தன் வாசல் படலையில் நின்று போகிற வருகிற ஒவ்வொருவரையும் “வா கா கள்ளா, எங்க போற கள்ளா” என்று வரவேற்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முந்திக் கண்டதில்லை. யாராவது மூக்கை வெளியே விட்டுக்கொண்டு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். “அரைக் கள்ளன எனக்குப் பிடிக்கிறல்ல” என்பார்.

பென்சன் எடுத்த பிறகுதான் எங்கள் பக்கத்து வளவை வாங்கி வந்தார். நடுவில் ஒரு தகரவேலி. ஒரு நாள் விடிய அந்த வேலிக்கு மேலால் அவருடைய தலை தெரிந்தது. முகத்தில் சவ வீட்டுக் களை.

“தம்பி, கல்முனைக்குப் போக ஏலாமப் போயிற்று.”

“ஏன் அண்ணன், றோட்டு மறியலா?”

“றோட்டு கிடக்கு. மூச்சுத்தான் பெரியநீலாவணையில நிண்டுட்டு.”

அவர் விளங்கப்படுத்திய விதம் எனக்கு இன்றும் ஞாபகம். “வயசு போனா முழங்கால் நோகும், கண் மங்கும். அது சொல்லிப்போட்டு வாற வருத்தம். மூச்சு சத்தமில்லாமக் குறையும் கா. ஆருக்கும் தெரியா. எனக்கு மட்டும் தெரியும், ஏனெண்டா நான் ஊர் ஊரா எண்ணிக்கொண்டு இரிக்கன்.” மூன்று ஊர் தொலைந்துபோனதற்காக அன்று அவர் காலைச் சாப்பாடே சாப்பிடவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

அடுத்த நாளே நடக்கத் தொடங்கினார். விடிய எழுந்து ஆற்றங்கரைக்குப் போவார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். அம்பிளாந்துறைக்குப் போகிற படகு நிற்கிற துறையில் நின்று, கைகளை விரித்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுவார். சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல் விட வேண்டும் என்பார். பத்துத் தரம் அப்படிச் செய்துவிட்டு, வாவியைப் பார்த்துக் கல்லடியில் இருந்து தொடங்குவார். படகுக்கு நிற்கிற சனம் முதலில் பைத்தியம் என்று நினைத்தது. பிறகு, “அண்ணன், இண்டைக்கு எதுவரைக்கும்?” என்று கேட்டுவிட்டுத்தான் படகு ஏறியது. நாலைந்து மாதத்தில் மருதமுனை திரும்பி வந்தது. பாண்டிருப்பும் வந்தது. கல்முனை வந்த அன்று எங்கள் ஒழுங்கைக்கு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார்.

அத்தோடு எங்களுக்குச் சனியனும் பிடித்தது. நான்கு வளவுக்குள் யாரும் குப்பை கொளுத்தக் கூடாது. நுளம்பு கடிக்கிறதே என்று சுருள் கொளுத்தினால் வாசம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். நான் பிடிவாதக்காரன். ஒரு சனிக்கிழமை பலா இலைகளைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று ஒரு சிகரெட்டும் பற்றவைத்தேன். வேலிக்கு மேலால் ஒரு வாளி தண்ணீர் வந்தது. பாதி குப்பையில் விழுந்தது, பாதி என்னில். இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்று நான் கத்த, அவர் அமைதியாகக் கேட்டார்.

“நீ ஒருக்கா ஊர்களச் சொல்லு பார்ப்பம். கல்முனை வேணாம். உன்ட வீடு வரைக்கும் வா. குருக்கள்மடம். எட்டாவது ஊர்தான்.”

இதென்ன பெரிய காரியம் என்று தொடங்கினேன். அவர் இழுக்கிற மாதிரியே இழுக்க வேண்டும் என்பது சட்டம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி. ஆரையம்பதியில் இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, கண்ணில் தண்ணீர் வர இருமினேன்.

“நீ வீட்டுக்கு வர இன்னும் நாலு ஊர் கிடக்கு டாம்பி. நடந்துதான் வரணும்” என்றார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

கொரோனா எங்கள் ஊருக்குள் வந்தபோது அவருக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் தடுப்பூசிக்கு ஊரில் முதல் ஆளாகப் போய் நின்றவர் அவர். இரண்டாவதுக்கு நாள் குறித்திருந்த வேளையில் காய்ச்சல் வந்துவிட்டது. அவருக்கும் அக்காவுக்கும் தொற்று என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லி, படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். ஒரே மகள் வந்தாறுமூலையில். கம்பஸில் வேலை. றோட்டெல்லாம் மூடிக் கிடந்ததால் அவளால் வர முடியவில்லை. “மாமா, நீங்கதான் பாத்துக்கொள்ளணும்” என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அழுதாள்.

விரலில் மாட்டி ஒக்சிசன் பார்க்கிற கருவி அந்த நாட்களில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தொலைபேசியில் பேசிய வைத்தியர், கதைக்கும்போது மூச்சு வாங்கினால், ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் போனால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். நான் ஊர்களின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “நல்லது, காலையும் மாலையும் சொல்லச் சொல்லுங்க. ஆனா அத மட்டும் நம்பி இருந்திடாதீங்க, கருவியத் தேடிக்கொண்டே இருங்க” என்றார்.

அப்படியே ஏற்பாடானது. காலையும் மாலையும் நான் வேலியில் இருந்து தள்ளி நிற்பேன். அவர் தன் முற்றத்துக் கதிரையில் இருந்து சொல்ல வேண்டும். களுவாஞ்சிகுடிக்குக் கீழே வந்தால் அம்புலன்ஸ். இதை அவர் ஒப்புக்கொண்டாலும் விரும்பவில்லை.

“அந்த வண்டியில ஏறினவன் ஆர் கா திரும்பி வந்த? ரிட்டன் டிக்கட் இல்லாத பஸ் அது” என்றார்.

“எத்தனையோ பேர் வந்திருக்காங்க அண்ணன்.”

“வந்தவன நீ எனக்குக் காட்டு.”

முதல் நாள் பெரியகல்லாறு வரை போனார். அடுத்த நாள் ஓந்தாச்சிமடம். மூன்றாம் நாள் மாலை களுவாஞ்சிகுடியை எட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. நாலாம் நாள் காலை குரல் பளிச்சென்று வந்தது. கல்லடியில் தொடங்கி விறுவிறுவென்று ஓடி, “களுவாஞ்சிகுடீ!” என்று முடிந்தது. எனக்கு எவ்வளவு ஆறுதல்! மனைவி அவித்த இடியப்பத்தைப் பார்சல் கட்டி வேலியில் கொழுவிவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன்.

கோப்பையைக் கையில் எடுக்கிறேன், வேலியில் யாரோ தட்டுகிற சத்தம். அக்கா முகக்கவசத்தோடு தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, இவர் மாங்காட்ட விட்டுட்டார்.”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. “மறந்திருப்பார் அக்கா. காய்ச்சல்தானே.”

“தன்ட பெயர மறந்தாலும் அத மறக்க மாட்டார் தம்பி. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டு இரிக்கன். செட்டிபாளையமும் இல்ல. மாங்காடும் இல்ல.”

நான் மனதுக்குள் அந்தக் குரலைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நாவற்குடா இல்லை. புதுக்குடியிருப்பு இல்லை. ஐந்தாறு ஊர் இல்லை. ஆள் பெரிய ஊர்களை மட்டும் பொறுக்கிச் சொல்லிக் களுவாஞ்சிகுடிக்கு வந்திருக்கிறார். ஏதோ சந்தோசத்தில் நான் எண்ணாமல் விட்டுவிட்டேன். வேலிக்கு ஓடினேன். அவர் கதிரையில் முன்னுக்குச் சரிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி இருந்தார். தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணன், என்ன வேலை இது? ஊர்கள விட்டுட்டீங்களே!”

தலையை நிமிர்த்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்றுதான் பேச்சு வந்தது.

“இது… எக்ஸ்பிரஸ்… கா.”

அந்த நிலையிலும் அவர் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

வண்டி வந்தது. வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் இரண்டு பேர் அவரை ஏற்றி, ஒக்சிசனை மாட்டினார்கள். அக்கா படலைக்கு உள்ளே நின்றார். வெளியே வர அனுமதி இல்லை. கதவை மூடுவதற்கு முந்தி, அண்ணன் படுத்திருந்தபடியே கையை நீட்டி, வண்டியின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். சாரதி தம்பிக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. வண்டி போய்விட்டது.

நான் என் படலையில் நின்று சிகரெட் பெட்டியை எடுத்தேன். எடுத்தவன், என்ன நினைத்தேனோ, பற்றவைக்க முந்தி ஊர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஆரையம்பதி. மறுபடியும் சொன்னேன். ஆரையம்பதி. அவர் சுகமாக இருந்த காலத்தில் என் வீட்டைத் தாண்டிப் பன்னிரண்டு ஊர் போவார். என்னால் என் வீட்டுக்கே வர முடியவில்லை. பெட்டியைக் கசக்கிக் குப்பைக் கிடங்கில் போட்டேன். மூன்றாம் நாள் ஒன்று வாங்கிக் குடித்தேன், பொய் சொல்லக் கூடாது. அதுதான் கடைசி.

அக்காவுக்குக் காய்ச்சல் லேசாகப் போய்விட்டது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. வேலியில் கொழுவின பார்சல் பாதி அப்படியே இருக்கும். மகள் ஒரு நாளைக்கு நாலு தரம் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுப்பாள். ஒக்சிசனில் இருக்கிறார், குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள், பேச ஏலாது. இதே பதில்தான். ஒரு நாள் அக்கா வேலிக்கு அப்பால் நின்று, “நான் பிந்திப் போனாலும் நிண்ட பஸ் தம்பி அது. ஒரு நாளும் விட்டுட்டுப் போகல்ல” என்றார். பிட்டு ஆறிப்போகுது, சாப்பிடுங்க அக்கா என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மத்தியானம். அக்காவின் தொலைபேசி அடித்தது. ஒரு தாதி தன் தொலைபேசியை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு ஒரே ஒரு சொல்.

“கல்லடி.”

அக்கா வேலிக்கு ஓடிவந்த வேகத்தில் வாளியைத் தட்டிவிட்டார். அந்த வயதில் அப்படி ஓடி நான் கண்டதில்லை. மாங்காட்டு ஒழுங்கைக்குள் இருந்து அந்த நாளில் அப்படித்தான் ஓடிவந்திருப்பார்.

“தம்பி, பஸ் வெளிக்கிட்டுட்டு! பஸ் வெளிக்கிட்டுட்டு!”

இரண்டு வளவிலும் நின்று நாங்கள் மூன்று பேரும், நானும் மனைவியும் அக்காவும், தள்ளித் தள்ளி நின்றுகொண்டே சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம்.

வீட்டுக்கு வரும்போது ஆள் பாதியாகியிருந்தார். படலையில் இருந்து கதவுக்குப் போக இரண்டு தரம் நின்றார். இறங்கியதும் என்னைத் தேடிப் பார்த்து, “வந்தவனக் காட்டச் சொன்னனே, இந்தா பாத்துக்கொள்” என்றார். ஆஸ்பத்திரியில் மூன்று பந்து வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி கொடுத்திருந்தார்கள். குழாயால் காற்றை இழுக்கப் பந்து மேலே எழும்ப வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஒழுங்காகச் செய்தார், ஆனால் அதில் அவருக்குத் திருப்தி இல்லை. “பந்து எழும்புது, விழுது. ஒரு ஊருக்கும் போகுதில்லையே” என்பார். முற்றத்தில் பத்து அடி நடை, பிறகு படலை வரை, பிறகு ஒழுங்கை முனை வரை. தனிமைப்படுத்தல் முடிந்த பிறகு நானும் கூட நடந்தேன். எங்கள் ஒழுங்கையில் யாரும் குப்பை கொளுத்தவில்லை. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் பலா இலைக்கு ஒரு கிடங்கு வெட்டினேன்.

காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் ஊர்களைச் சொல்லுவோம். முதல் வாரம் அவர் காத்தான்குடிக்கு வரவே திணறினார். அப்போது நான் அவரை முந்திக்கொண்டு தாழங்குடாவில் நின்றேன். அவர் ஆரையம்பதிக்கு வந்து, “அங்கயே நில்லு, வாறன்” என்றார். பால்காரன் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவான். ஒரு நாள் நான் கிரான்குளத்தைத் தாண்டிக் குருக்கள்மடம் என்று சொன்னேன். இருமலும் இல்லை. என்னை அறியாமலே கையை மேலே தூக்கிவிட்டேன். வேலிக்கு அப்பால் இருந்து கைதட்டல் கேட்டது. “வந்து சேந்திட்டியா டாம்பி? கிரான்குளத்தில உன்ன இறக்கி எத்தன வருசம்!” என்றார்.

அக்கா மட்டும் இந்த விளையாட்டில் சேரவில்லை. நாங்கள் தொடங்கினாலே குசினிக்குள் போய்விடுவார். கேட்டால், “எங்கட ஊர விட்டுட்டு ஓடின பஸ்ஸில எனக்கென்ன வேலை?” என்பார். பகிடி மாதிரித்தான் சொல்லுவார். ஆனால் அது முழுக்கப் பகிடி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தனியாக விடப்பட்ட அந்த நாட்களை அவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை. அண்ணன் குனிந்து பந்துப் பெட்டியை எடுத்துக்கொள்வார்.

இப்போது இரண்டு பேரும் மகளோடு வந்தாறுமூலையில் இருக்கிறார்கள். போன உடனே எனக்குத் தொலைபேசியில் முறைப்பாடு வந்தது. அந்தப் பக்கத்துப் பாதையில் பிள்ளையாரடி, தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி என்று தொடங்கிய உடனே வந்தாறுமூலை வந்துவிடுகிறதாம். “இது மூச்சுக்குக் காணாது தம்பி, பாசிக்குடா வரைக்கும் நீட்டிட்டன்” என்றார். சிகரெட்டைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார், ஊர்களைச் சொல்லிக்காட்ட வேண்டும். நானும் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்துவிட்டேன். களுவாஞ்சிகுடி வரை ஒழுங்காகப் போகிறேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு காலைதான் வரும். அவர் திரும்பி வந்து மூன்று மாதம் இருக்கும். மழை விட்டிருந்தது. அக்கா குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வேலியோரம் வந்து நின்று, ஒரு கையைத் தகரத்தில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார். தொடங்கினார். ஒரு ஊரையும் விடவில்லை. நான் விரலால் எண்ணிக்கொண்டு நின்றேன், இந்த முறை ஏமாற நான் தயாரில்லை. கிரான்குளம். குருக்கள்மடம். செட்டிபாளையம். அங்கே மூச்சு மெலிந்துபோனது. கழுத்து நரம்பு புடைத்தது. போதும் அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இருந்த மிச்சக் காற்றையெல்லாம் திரட்டி, “மாங்காடூ…” என்று இழுத்தார். பழைய நீளம். பஸ் நிலையத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கிற நீளம்.

பிறகு நிறுத்திவிட்டார். குனிந்து இரண்டு மூச்சு வாங்கினார். தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. அவர் குசினிப் பக்கம் திரும்பி, பயந்த குரலில் கேட்டார்.

“மாங்காடு… ஏறுறத்துக்கு ஆக்கள் இரிக்கா?”

நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே துருவலை நகர்கிற சத்தம் கேட்டது. அக்கா குசினி வாசலுக்கு வந்து, கையில் ஒட்டின தேங்காய்ப்பூவைத் தட்டிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

“நில்லு, ஆள் வருது!”

அவர் சிரித்துக்கொண்டே தகரவேலியில் இரண்டு தட்டுத் தட்டினார்.